உள்ளே போகாத ரவைகளும் ஒரு நிக்காஹும்

போன சனிக்கிழமை மாலை மஃரிப் தொழுதுவிட்டு வந்து பிளேன்டீயைக் கையில் எடுத்தேன். ஒரு வாய் குடிக்கவில்லை... போன் 'டிங்' என்றது.

திறந்து பார்த்தால், ஒரு தட்டில் வரிசையாக, மினுமினுவென்று, கைத்துப்பாக்கி ரவைகள்! கீழே ஒரு கேள்வி: "மாமா, இது உள்ள போகுதில்ல. என்ன செய்ற?"

அனுப்பியவன் என் தங்கச்சியின் மகன் ரிஸான். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. எனக்குத் தனியாக அனுப்பியிருந்தால் சரி. இவன் போட்டது 'நிக்காஹ் ஏற்பாடு' குரூப்பில்! அடுத்த மாதம் அவனுக்குக் கலியாணம். எங்கள் ஆட்களும் மருதமுனையிலுள்ள பெண் வீட்டாரும் மண்டபம், சாப்பாடு, அழைப்பிதழ் என்று பேசுவதற்காகத் திறந்த குரூப் அது.

நீங்களே சொல்லுங்கள்... கல்முனைப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் போனில் இருக்கக்கூடிய படமா இது?

நான் தலையில் கை வைப்பதற்குள் அவனுடைய மாமி ஒருவர் பதில் போட்டுவிட்டார். "மாஷா அல்லாஹ், வடிவா இரிக்கி மகன். கலியாணத்துக்கு வாற பொம்புளயளுக்குக் குடுக்கவா?" கண்ணாடி போடாமல் பார்த்திருக்கிறார். லிப்ஸ்டிக் என்று நினைத்தாராம்.

ரிஸானுக்குக் கோல் எடுத்தேன்.

"மாமா, பாத்தீங்களா?"

"நான் மட்டுமாடா பாத்த? எங்க போட்டிருக்காய் எண்டு பாரு!"

குரூப்பைத் திறந்து பார்த்தான் போல. பிறகு, "யா அல்லாஹ்..." என்றான்.

"அழி!"

"அழிச்சா 'அழிக்கப்பட்டது' எண்டு காட்டும் மாமா. அது இன்னும் சந்தேகமில்லையா?"

"முதல்ல அழிடா!"

அழித்தான். ஆனால் அதற்கு முன்பே எல்லோரும் பார்த்துவிட்டார்களாம். பெண்ணின் தகப்பன் உட்பட. அவர் கல்முனைப் பசாரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். எல்லோருக்கும் அவர் ஹாஜியார்தான்.

விஷயம் இதுதான். ரிஸான் அங்கே ஒரு குறிபார்த்துச் சுடும் கிளப்பில் சேர்ந்திருக்கிறான். லைசன்ஸ் எல்லாம் உண்டு. கடை ரவை விலை அதிகமென்று, சுட்டு முடிந்த வெறுங்கோதுகளில் வெடிமருந்தும், பாய்ந்து போகிற முனையான புதிய சன்னமும் வைத்து, தானே ரவை செய்துகொள்கிறான். நாம் வீட்டில் ஊறுகாய் போடுகிற மாதிரி அங்கே சிலருக்கு அது பொழுதுபோக்காம். நல்ல பொழுதுபோக்கு!

இதில் என்னை ஏன் இழுக்கிறான்? நான் பென்ஷன் எடுக்கும்வரை தொழில்நுட்பக் கல்லூரியில் லேத் வேலை படிப்பித்தவன். துவக்கு, துப்பாக்கி எதையும் தொட்டதே கிடையாது. ஆனால் ஒன்றுக்குள் இன்னொன்று போகவில்லை என்றால் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். கதவுக் கொண்டி, தண்ணீர் பைப்... இப்போது ரவை.

"இண்டைக்குப் போட்டி மாமா. வெளிக்கிட நேரமாகுது..."

கலியாணம் குழம்பப் போகிறது, இவனுக்குப் போட்டி! எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது?

அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து தங்கச்சி ஓடி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "காக்கா, ஹாஜியார் பைக்க எடுத்திட்டு இஞ்சதான் வாறாராம். என்ட புள்ளட கலியாணம் போச்சு!"

மருதமுனையிலிருந்து எங்கள் கல்முனைக்குடிக்கு எவ்வளவு தூரம்? அவர் வருவதற்குள் நான் என்னதான் செய்வது? சரி, ஒரு பிரச்சினையாவது தீரட்டும் என்று போனைப் பிடித்தேன்.

"கடையில வாங்கின ரவை உள்ள போகுதா?"

"ஓம், போகுது."

"அப்ப துவக்குல பிழையில்ல. நீ செஞ்சதுலதான் பிழை."

"லேசா ஒரு தட்டுத் தட்டினா ஏறிரும் போலதான் இரிக்கி மாமா..."

"தட்டுவியா? உள்ள மருந்து இரிக்கிடா! கண் போயிரும், கை போயிரும்!" நான் கத்தியதில் எதிர்வீட்டு லைட் எரிந்தது.

"தட்டல்ல மாமா. தட்டலாமா எண்டுதான் கேக்கிறன்."

குழலைத் தனியாகக் கழற்றச் சொன்னேன். ஒரு ரவைக்கு மார்க்கர் பூசி, குழலுக்குள் மெல்ல வைத்துச் சுற்றி எடுக்கச் சொன்னேன். எங்கே மை அழிந்திருக்கிறது? கோதின் வாய் விளிம்பில்! வாயைக் கொஞ்சம் விரித்துத்தான் சன்னத்தை வைப்பார்களாம். வைத்த பிறகு அந்த விரிவைத் திரும்ப ஒடுக்க வேண்டும். ரிஸான் துரை இந்தமுறை வேறு வகைச் சன்னம் வாங்கியிருக்கிறார். அதற்காக ஒடுக்குகிற அச்சைத் தளர்த்தி உயர்த்தியவர், திரும்ப இறக்க மறந்துவிட்டார். மயிரிழை அளவு விரிவு... அதற்குத்தான் இவ்வளவு கூத்து.

வெளியே பைக் சத்தம். பதற்றத்தில் போனை அப்படியே மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன். கட் பண்ணவில்லை.

ஹாஜியார் வந்து கதிரை நுனியில் உட்கார்ந்தார். மனைவி கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"சேர், மருமகனில எனக்கொரு குறையுமில்ல. அங்க அதுக்குச் சட்டமிருக்கெண்டா சரிதான். ஆனா படம் என்ட போனுக்குள்ளதானே வந்து கிடந்திச்சு!"

நான் வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை.

"குண்டு வெடிச்சதுக்குப் பிறகு ஊரெல்லாம் ஆமி வீடு வீடாத் தேடின நேரம், பேரன்ட விளையாட்டுத் துவக்க எடுத்து நான் கிணத்துக்குள்ள போட்டன். பிளாஸ்டிக் சாமான் சேர்! புள்ள அழுதழுது கேட்டான். 'இது விளையாட்டுச் சாமான்' எண்டு வாறவனுக்கு விளங்கப்படுத்திற தைரியம் எனக்கு இல்ல. அண்டைக்கும் இல்ல, இண்டைக்கும் இல்ல."

அந்த நாட்களில் சமையல் கத்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாங்களும்தான் வீட்டுக்குள் அலைந்தோம். ரிஸான் அப்போது இங்கே இல்லை. தட்டில் ரவையை அடுக்கிப் படம் எடுக்க அவனுக்குக் கை கூசவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் அவன் மேலா, அந்த நாட்கள் மேலா என்று எனக்கே தெரியவில்லை.

"கலியாணத்த நிப்பாட்டுவம் எண்டுதான் வெளிக்கிட்டன்" என்றார் ஹாஜியார். வாசலில் நின்ற தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பைக்கில ஏறக்க மகள் வந்து சொன்னா, 'வாப்பா, ஒண்டே ஒண்டு கேட்டுட்டு மறுகா முடிவெடுங்க' எண்டு."

"என்னவாம்?"

"'உள்ள போகாட்டி அவர் என்ன செய்ற ஆள்? அடிச்சு ஏத்துற ஆளா?'"

மேசையில் கிடந்த போனிலிருந்து குரல் வந்தது.

"இல்ல மாமா. தட்டலாமா எண்டு கேட்டன். எங்கட மாமா ஏசினாங்க. தட்டல்ல. பெட்டியோட எல்லாத்தையும் ஒதுக்கி வெச்சிட்டன். போட்டிக்கும் போகல்ல... படம் போட்டது பிழைதான். மன்னிச்சிருங்க."

ஹாஜியார் போனை முறைத்துப் பார்த்தார். பிறகு தன் போனை எடுத்து மகளை அழைத்தார். "தட்டல்லயாம் புள்ள. நிப்பாட்டிட்டுக் கேட்டாராம்." அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ தெரியாது. இவர் "ஓம்... ஓம்" என்று தலையாட்டினார். போனை வைத்தார். ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"இனிமே இப்பிடிப் படம் மட்டும் வேணாமாம். மண்டபத்துக்குக் கலியாணம் உறுதியெண்டு சொல்லட்டாம்."

தங்கச்சி அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

மாப்பிள்ளை பார்க்கப் போனால் நாம் என்னவெல்லாம் விசாரிக்கிறோம்! படிப்பு, சம்பளம், விசா, தொழுகை... நினைத்தது நினைத்தபடி நடக்காவிட்டால் ஆள் என்ன செய்வார் என்று யாராவது கேட்கிறோமா? நூறு பேர் பார்க்கிற குரூப்பில் போய்க் கேட்கிற முட்டாளாக இருந்தாலும், கேட்கிறவனோடு குடும்பம் நடத்தலாம். அந்தப் பிள்ளைக்கு இருக்கும் புத்தி நமக்கில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது டீவி ரிமோட் வேலை செய்யவில்லை. மேசையில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினேன்.

குசினிக்குள்ளிருந்து மனைவி சொல்கிறாள்: "என்னப் பொண்ணு கேட்டு வந்த நேரம் இந்தக் கேள்விய ஒருத்தரும் கேக்கல்லயே!"