குடிக்காதவளுக்கு மாத்திரை இல்லை

மலைமேல் பிரிஞ்சாங் டவுனில் ஒரு காய்கறிக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. இரண்டு மேசை, ரத்தம் எடுக்க ஒரு சாய்வு நாற்காலி, மழை பெய்தால் ஒழுகும் ஒரு மூலை. கீழே லாரியில் முட்டைக்கோஸ் ஏற்றுகிறவர்கள் கத்துவது நாள் முழுக்கக் கேட்கும். அரசாங்க நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, மலைக்குக் கீழே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியில் நான் சேர்ந்திருந்தேன். குடிப்பழக்கம் அதிகமுள்ள இடங்களில் எச்.ஐ.வி. பரவாமல் தடுப்பது எப்படி என்பதுதான் ஆராய்ச்சி. பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது.

தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் வருவாள். தொழிற்சாலையில் தூள் பொட்டலம் கட்டுகிற வேலை. அவள் உள்ளே வந்தாலே அறையில் தேயிலை வாசம் வீசும். கணவர் உரம் போடும் கூட்டத்தில் இருந்தார். கல்யாணத்துக்கு முன்பே அவருக்குக் கிருமி இருந்திருக்கிறது. தெரிந்தது வெகு நாள் கழித்து. அவருக்கான மருந்தை அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கொடுத்தார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் கிருமி அடங்கி, மனைவிக்குத் தொற்றாமலே இருந்திருக்கும். ஆனால் சாயங்காலம் சம்சு சாராயம் உள்ளே போய்விட்டால் மாத்திரை அவர் நினைவில் நிற்காது.

அதனால் முதல் கட்ட ஆராய்ச்சியில் அவளுக்கும் ஒரு மாத்திரை கொடுத்தோம். நோய் இல்லாதவர்கள், வராமலிருக்க, தினமும் போட்டுக்கொள்வது. ஆணுறையும் கொடுத்தேன். அதை அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"போதையில அவரு இதெல்லாம் கேப்பாரா மிஸ்ஸி? கட்டிப் பொரண்டு சண்ட போடவா என்னால முடியும்?"

எங்கள் பக்கத்தில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

மாத்திரையை அவள் ஒருநாளும் விட்டதில்லை. விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன், மைலோ கலக்கியதும் முதல் வேலை அதுதான். ஒரே மகள் மலைக்குக் கீழே தன் சித்தி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். "எங்க ரெண்டு பேருல ஒருத்தராவது நல்லா இருக்கணும்லா. இல்லாட்டி புள்ளய யாரு பாக்குறது?" என்பாள். மாத்திரை வாங்கியதும் உடனே போகமாட்டாள். ஜன்னலோரம் நின்று கீழே லாரி ஏற்றுவதை வேடிக்கை பார்த்து, டிரைவர்களைக் கிண்டல் செய்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

முதல் கட்டம் முடிந்தது. இரண்டாம் கட்டத்துக்குப் பணம் வரும், பெரிய அளவில் வரும் என்றார்கள். அதுவரை என்ன செய்வது? தடுப்பு மாத்திரை அப்போது மலைக்குக் கீழே சில கிளினிக்குகளில் மட்டும் கிடைத்தது. நானே அவளை என் காரில் கூட்டிப்போனேன். வளைவுப் பாதையில் வழி முழுக்க வாந்தி எடுத்தாள். அங்கே கொடுத்தார்கள், நல்லபடியாகவே கொடுத்தார்கள். ஆனால் திரும்பத் திரும்ப வரவேண்டும் என்றார்கள். அடுத்த முறை அவள் பஸ்ஸில் தனியாகப் போய்வந்தாள். அதற்கடுத்த முறை லீவு கேட்டபோது வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எல்லோர் முன்னிலையிலும், "ஒனக்கு அப்படி என்ன சீக்கு?" என்று கேட்டிருக்கிறார். அத்தோடு அவள் போவதை நிறுத்திவிட்டாள்.

பணம் வந்ததைச் சொல்ல ஆராய்ச்சித் தலைவரான டாக்டரே மலையேறி வந்தார். தமிழர்தான். பெரிய படிப்பு படித்தவர், தன்மையாகப் பேசுபவர். மேசையில் சாவியை வைத்தவர் உட்காரவேயில்லை.

"ஒரு சிக்கல். இந்தப் பணம் மதுவால் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒதுக்கினது."

"நல்லதுதானே டாக்டர்?"

"பணம் குடுக்குறவங்க கணக்குல பாதிக்கப்பட்டவங்கன்னா குடிக்கிறவங்க மட்டும்தான். மனைவிகளையும் சேர்த்துத்தான் எழுதினேன். வெட்டிட்டாங்க. ரத்தத்துல மது இருந்தாத்தான் ஆளைச் சேர்க்க முடியும்."

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அந்த நிபந்தனையை ஏற்காவிட்டால் திட்டமே இல்லை. மலையில் குடிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்றுமில்லாமல் போயிருக்கும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவளிடம் சொல்ல லயத்துக்குப் போனேன். வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவள் எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நான் சொன்னதைத் துணியைப் பிழிந்தபடியே கேட்டாள்.

"அப்ப குடிக்கிறவருக்கு உண்டு. அவரு கூட படுக்குறவளுக்கு இல்ல."

"அவருக்குத்தான் ஏற்கெனவே நோய் இருக்கே, அவரையும் இதுல சேக்க முடியாது. நோய் வராத குடிகாரங்களுக்கு மட்டும்தாம்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கேட்டாள், "நான் குடிப்பேன்னு எழுதிக்கிங்களேன்?"

"ரத்தத்துல பாத்திடுவாங்க. சில வாரமா குடிச்சிருந்தாத்தான் தெரியும். பொய் சொல்ல முடியாதும்மா."

"ஓ" என்றாள். மகளின் பரீட்சையைப் பற்றிப் பேச்சை மாற்றினாள். நான் கிளம்பும்போது தோட்டத்துத் தூள் ஒரு பொட்டலம் கொடுத்தாள்.

பிறகு நெடுநாள் அவளைப் பார்க்கவில்லை. திரிங்காப், லெம்பா பெர்த்தாம் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களில் ஆள் சேர்க்க அலைந்துகொண்டிருந்தேன். ஒரு பகலில் அவளே படியேறி வந்தாள். முகம் உப்பியிருந்தது, கண்ணோரம் சிவப்பு. பக்கத்தில் வந்ததும் வாடை அடித்தது. அவளிடமிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள எனக்குச் சற்று நேரமானது.

"ரத்தம் எடுங்க மிஸ்ஸி. இப்ப தெரியும்."

"என்னம்மா செஞ்சுட்டு வந்திருக்க?"

"அவரு கூட சேந்து குடிச்சேன். டெய்லி. அவருக்கு ஒரே சந்தோசம், தொணை கெடச்சிருச்சுன்னு." நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "மொதல்ல கொடல பொரட்டுச்சு. அப்புறம் பழகிருச்சு. எடுங்கலா."

எடுத்தேன். சேர்ப்பதற்கு முன் இரண்டு பரிசோதனை செய்ய வேண்டும். ஒன்று மது, மற்றது எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை நோய் இல்லாதவர்களுக்குத்தானே கொடுக்க முடியும்? எச்.ஐ.வி.யை அங்கேயே ஒரு சின்னப் பட்டையில் பார்த்துவிடலாம். அவளுக்கு அது பலமுறை பழக்கம் என்பதால், பட்டையை மேசையில் வைத்துவிட்டு மகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். முன்பெல்லாம் ஒரு கோடுதான் விழும். அன்று இரண்டாவது கோடும் மெல்ல ஏறி வந்தது.

எனக்கு முன்பே அவள் பார்த்துவிட்டாள்.

இன்னொரு பட்டையில் பார்த்தேன். அதிலும் அப்படித்தான். உறுதிப்படுத்த ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், இதுவே முடிவில்லை என்று ஏதேதோ சொன்னேன். அவள் எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கீழே யாரோ லாரியின் பின்கதவைப் படாரென்று சாத்தினார்கள்.

"அப்ப நான் குடிச்சது வீணா மிஸ்ஸி?"

அவளைக் கட்டிக்கொண்டேன். வேறு என்ன செய்யத் தெரியும்? அவள் அழவில்லை. தோளிலிருந்து முகத்தை எடுத்து, "இனிமே எனக்கும் ஆஸ்பத்திரியில மருந்து ஃப்ரீதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டாள்.

ஆஸ்பத்திரிப் பரிசோதனையும் அதையே சொன்னது. மதுப் பரிசோதனையில் அவள் தேறியிருந்தாள்.

கணவரிடம் சொல்லும்போது நானும் கூட இருந்தேன். சுவரில் தலையை மோதி அழுதார். அவள்தான் அவரைப் பிடித்து உட்கார வைத்தாள். அன்று சாயங்காலமும் அவர் குடித்தார். அவளும் குடித்தாள். உண்மை தெரிந்ததும் அவள் குடியை விட்டுவிட்டாள் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. அப்படி நடக்கவில்லை. விட அவளுக்கு ரொம்ப நாள் பிடித்தது. நடுவில் தொழிற்சாலை வேலையும் போய்விட்டது.

டாக்டர் அவளுடைய கதையை ஊர் பேர் இல்லாமல் எழுதி, அடுத்த கட்டத்திலாவது மனைவிகளைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். பதில் வருவதற்குள் அந்த வெளிநாட்டுப் பணம் முழுவதுமே நின்றுபோனது. மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த குடிகாரர்களுக்கும் சேர்த்துத்தான் நின்றது. அலுவலகத்தைக் காலி செய்தோம். அந்த அறையில் இப்போது அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் அவளைப் பிரிஞ்சாங்கில் பார்த்தேன். ஒரு ஹோட்டலில் அறைகளைக் கூட்டித் துடைக்கிறாள். மெலிந்திருந்தாலும் கண் தெளிவாக இருந்தது. காலையில் தன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அவருடையதை அவர் வாயில் போட்டு, விழுங்கும் வரை எதிரிலேயே நிற்கிறாளாம். "முன்னாடியே இப்படி நின்னுருக்கலாம்ல மிஸ்ஸி" என்றாள். அவர் அப்போது யார் நின்றாலும் விழுங்கியிருக்கமாட்டார் என்று சொன்னேன். அவளும் தலையாட்டினாள். இருவருக்கும் கிருமி அடங்கியிருக்கிறது. அவர் இன்னும் குடிக்கிறார், முன்னைவிடக் குறைவாக. மகளுக்கு எதுவும் தெரியாது.

இதை எழுதப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

"எழுதுங்க. பேரு மட்டும் வேணாம்." கையுறையைக் கழற்றிப் பையில் திணித்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒங்களுக்கு இப்ப வேல இருக்கா?"

ஒரு தனியார் கிளினிக்கில் அரைநாள் வேலை பார்ப்பதாகச் சொன்னேன். "பரவால்லலா" என்று என் கையைத் தட்டிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.