சத்தமில்லாத கார்

காலை 10.50. கனடாவிலிருந்து ஏழு வருடத்துக்குப் பிறகு வந்திருக்கும் மகன், மண்கும்பான் கடற்கரையில் என்னை இறக்கிவிட்டு, வாடகைக்கு எடுத்த ஹைபிரிட் ஸ்போர்ட்ஸ் காரில் வேலணைப் பக்கம் போகிறான். பத்து நிமிடத்தில் வருவானாம். அவன் கைபேசி என் பையில்.

பன்னிரண்டாகியும் காணவில்லை. பற்றரியில் ஓடினால் அந்தக் காருக்குச் சத்தமே இல்லை. ஆனாலும் காது கொடுத்து நிற்கிறேன். அவன் குரலைப் பக்கத்தில் கேட்கத் தொடங்கி மூன்று நாள்தான் ஆகிறது.

பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மீனவர் நிமிர்கிறார்.

"அந்தச் சிவத்தக் காரோ அக்கா? போனது றோட்டில நிண்ட ஆட்டுக்கே தெரியேல்லை."

"எங்கேயும் அடிபட்டிருக்குமோ?"

"எங்கட றோட்டில அது ஊரத்தான் வேணும். பயப்பிடாதேங்கோ."

தெரு வரை போய் எட்டிப் பார்க்கிறேன்.

கடைசியில் மகன் நடந்தே வருகிறான்.

"திரும்பி வாற றோட்டு முழுக்க நெல்லுக் காயப்போட்டிருக்கினம் அம்மா. பின்னேரம் அள்ளுமட்டும் கார் அங்கதான். வாங்கோ, ரெண்டுபேரும் நடப்பம்."