ஜப்பான் ரிபாயின் கேசட்

சனிக்கிழமை காலை 5.40, கொழும்பு புறக்கோட்டை. புத்தளம் பஸ்ஸில் ஏறும்போது என் பையைத் தூக்கிப் பார்த்த கண்டக்டர், "என்ன மிஸ், கருங்கல்லா?" என்று கேட்டார். ஏறக்குறைய அதுதான். 230 வோல்ட்டை 100 வோல்ட்டாக இறக்கும் டிரான்ஸ்போமர், ஒரு ஜப்பான் அடெப்டர், வீடியோ வயர், ஈயம் பற்றவைக்கும் கருவி, மீற்றர் எல்லாம் உள்ளே இருந்தன. குளிரூட்டிய பஸ், டிக்கட் தொள்ளாயிரம் ரூபாய். கொட்டாஞ்சேனையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் நான் சனிக்கிழமையில் கடையைப் பூட்டினால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்கும். எங்கேயோ ஒரு பழைய டீவி கேம் அகப்பட்டிருக்கிறது.

டீவியில் மாட்டி விளையாடும் அந்தக் காலத்து மெஷின்கள் பதினொன்று என்னிடம் உண்டு. பன்னிரண்டாவதை மூன்று வருடமாகத் தேடினேன். போன கிழமை பழைய சாமான் விற்கும் இணையப் பக்கமொன்றில் நுரைச்சோலையிலிருந்து ஒருவர் படம் போட்டிருந்தார். "ஜப்பான் டீவி கேம். பெட்டியோட இரிக்கி. வேலை செய்யாது." பெட்டியோடு! நம் வீடுகளில் அட்டைப் பெட்டி ஒரு மாதம் தாங்காது, கோழியை அடை வைத்துவிடுவார்கள். அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

9.20, பாலாவிச் சந்தி. இறங்கியதும் உப்புக் காற்று உதட்டில் ஒட்டியது. சீமெந்து லொறிகளுக்குப் பக்கத்தில் நின்று பாணும் பருப்பும் சாப்பிட்டு, கற்பிட்டி பஸ்ஸைப் பிடித்தேன். நுரைச்சோலைக்குப் பதினைந்து கிலோமீற்றர் அளவில் இருக்கும், எண்பது ரூபாய். வழியெல்லாம் தென்னையும் வெங்காயப் பாத்தியும் மணலும். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தூரத்தில் தெரிந்தது, பஸ் எவ்வளவு ஓடியும் அது கிட்டே வருவதாக இல்லை.

10.15, நுரைச்சோலை. விளம்பரம் போட்ட நௌபர் தன் ஓட்டோவோடு காத்திருந்தார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் குண்டைப் போட்டார்.

"சாமான் என்ட இல்ல தங்கச்சி, எங்கட மச்சான்ட. ஜப்பான் ரிபாய் எண்டு ஊருல கேளுங்க, பச்சப் புள்ளயும் சொல்லும்."

"ஜப்பானில இருந்தவரா?"

"அவன் சிலாபத்தத் தாண்டினதில்ல," என்று நௌபர் சிரித்தார்.

கதையை அவரே சொன்னார். ஜப்பானில் பழைய வாகன யார்டில் வேலை செய்த மாமா ஒருவர், இருபத்தைந்து வருடத்துக்கு முன் இந்த மெஷினைக் கொண்டுவந்து ரிபாயிடம் கொடுத்திருக்கிறார். அதனோடு, மெஷினில் செருகி விளையாடும் கேசட் ஒரே ஒன்று. வாள் பிடித்த பையன் ஊர் ஊராய்ப் போகும் கதை, அதுவும் முழுக்க ஜப்பான் எழுத்தில். அதைக் கடைசி வரை விளையாடி முடித்துவிட்டதாக ரிபாய் சொன்னார். ஊரே சிரித்தது. அன்றிலிருந்து அவர் பெயர் ஜப்பான். நௌபர் வழியில் மூன்று கடைகளில் ஓட்டோவை நிறுத்தி, "ஜப்பானத் தேடி கொழும்பால ஆள் வந்திரிக்கி," என்று அறிவித்தார். மூன்று கடையும் சிரித்தது.

10.50. ரிபாய் வெங்காயப் பாத்தியில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பதைத் தாண்டிய மெலிந்த மனிதர். விஷயத்தைக் கேட்டதும் குழாயைக் கீழே போட்டார்.

"யாரக் கேட்டுப் போட்ட?"

"வேலை செய்யாத சாமான்தானே மச்சான்."

"அத வேலை செய்யாமப் பண்ணினது யாரு?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "விக்கிறதில்ல தங்கச்சி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையைப் பூட்டி, கருங்கல் சுமந்து வந்தது தேத்தண்ணிக்கா? ஆனாலும் பெட்டியைக் கண்ணால் பார்க்காமல் போக மனம் வரவில்லை. ரிபாயின் மனைவி பசீலா அலுமாரியிலிருந்து அதை எடுத்து வந்து மேசையில் வைத்தார். மூலை கூட மடங்காத பெட்டி.

"கல்யாணம் முடிச்ச நாள்ல இருந்து இந்தக் கதையக் கேக்குறேன்," என்றார் பசீலா. "நான் நம்புறேன். ஆனா காட்டுங்க எண்டு கேட்டா காட்ட மாட்டாரு."

ரிபாய் அந்த விளையாட்டை முடித்தது ஒரு வெள்ளிக்கிழமை. கொப்புளிப்பான் அம்மை வந்து படுத்திருந்ததால் அவர் மட்டும் வீட்டில். ஊர் ஆண்கள் எல்லாரும் ஜும்ஆவில். சாட்சிக்கு ஒரு ஆள் இல்லை. தொழுகை முடிந்து ஓடி வந்த நௌபர், "இப்பவே காட்டு," என்று டிரான்ஸ்போமர் பெட்டியை விட்டுவிட்டு நேரே சுவரில் செருகியிருக்கிறார். புகை வந்தது. அதோடு சரி. பிறகு யாரையும் அதைத் தொட ரிபாய் விடவில்லை.

"இப்ப போட்டு, உள்ளுக்கு ஒண்டும் இல்லாட்டி?" என்றார் ரிபாய் மெதுவாக. "சும்மா இரிந்தா பாதிப் பொய்யன். இல்லையெண்டு காட்டினா முழுப் பொய்யன்."

அதற்கு மேல் என்னால் விலை பேச முடியவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எரிந்தது பெரும்பாலும் அடெப்டர் மட்டும்தான். விளையாட்டின் பதிவு கேசட்டுக்குள் இருக்கும், அதை உயிரோடு வைத்திருப்பது பொத்தான் அளவு பற்றறி. அது தீர்ந்தால் பதிவும் போய்விடும், இன்றைக்கோ அடுத்த மாதமோ. "முடிச்சவங்களுக்கு அந்த கேம்ல பேருக்குப் பக்கத்தில ஒரு கிரீடம் விழும், ரிபாய் நானா. வேற எப்படியும் விழாது."

ரிபாய் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "தொறங்க."

11.30. கேசட்டைக் கழற்றி மீற்றர் முனையை வைத்தேன். புதுப் பற்றறி மூன்று வோல்ட் காட்டும். இது இரண்டு புள்ளி நான்கு. உயிர் இருந்தது. என் டிரான்ஸ்போமர், என் அடெப்டர், வீட்டு டீவி. சுவிட்சைப் போட பசீலாவைத்தான் விட்டோம், நௌபரைச் சுவர்ப் பக்கமே விடவில்லை.

படம் வந்தது. ரிபாய் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"கடல் நீலமா?"

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. ஜப்பான் மெஷினின் நிறத்தை அந்தக் காலத்து நம் டீவிகள் காட்டுவதில்லை. இந்த மனிதர் தெரியாத எழுத்தில், கறுப்பு வெள்ளையில் விளையாடியிருக்கிறார். "அந்தப் புள்ளட உடுப்பு சிவப்பு, பாருங்க," என்று பசீலாவிடம் காட்டினார்.

அடுத்த திரையில் பதிவு. ஒரே ஒரு பெயர், மூன்று எழுத்து. பக்கத்தில் மஞ்சளாக ஒரு கிரீடம்.

நௌபர் மட்டும் விடுவதாக இல்லை. "இது ஜப்பான்காரன் முடிச்சதா இரிக்கும். பழைய சாமான்தானே மாமா கொண்டு வந்த."

நியாயமான கேள்விதான். ரிபாய் பெட்டியின் அடியில் இருந்து ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்தார். பக்கம் பக்கமாக ஜப்பான் எழுத்துகளைப் பார்த்து வரைந்து, பக்கத்தில் தமிழில் அவரே கண்டுபிடித்த பொருள்: 'இது மருந்து', 'இது போகாதே', 'இதை அமத்தினா கடைக்காரன் ஏசுவான்'. முதல் பக்கத்தில், "என் பேர்" என்று எழுதி மூன்று எழுத்து. தூண்டில் மாதிரி ஒன்று, கொக்கு மூக்கு மாதிரி ஒன்று, நத்தை மாதிரி ஒன்று.

திரையிலும் தூண்டில், கொக்கு மூக்கு, நத்தை.

நௌபர் கொப்பியைப் பார்த்தார், டீவியைப் பார்த்தார், திரும்பவும் கொப்பியைப் பார்த்தார். "மாஷா அல்லாஹ்," என்றார் கடைசியில். "மெய்தான்டா மச்சான்." பசீலா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீன் ஆணத்தைச் சூடாக்கப் போனார்.

சாப்பிட்ட பிறகு பழைய பற்றறியோடு சேர்த்து வெளியே இரண்டு டோர்ச் பற்றறியைக் கட்டி, பதிவு அழியாமல் என் பையிலிருந்த புதியதைப் பற்றவைத்தேன். மீண்டும் போட்டோம். கிரீடம் இருந்த இடத்திலேயே இருந்தது.

பிற்பகல் 3.00. விலையை நான் கேட்கவில்லை. டிரான்ஸ்போமரையும் அடெப்டரையும் அங்கேயே வைத்தேன், அவருடையவை எப்போதோ பழுதாகிப் போனதால் இவை இல்லாவிட்டால் மெஷின் ஓடாது. பையில் ரிபாய் ஐந்து கிலோ சின்ன வெங்காயம் கொட்டினார்.

ஓட்டோவில் அவரும் ஏறிக்கொண்டார். முதல் கடை வந்ததும், "நிப்பாட்டு. சொல்லு," என்றார். நௌபர் இறங்கிப் போய் சொன்னார். இரண்டாவது கடையிலும் சொன்னார். என் போனில் எடுத்த படத்தையும் காட்ட வேண்டியிருந்தது. மூன்றாவது கடைக்காரர் கண்ணாடி போட்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, "அப்ப இனி ஒன்ன என்னண்டு கூப்பிடுற?" என்று கேட்டார்.

ரிபாய் ஓட்டோவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "ஜப்பான் எண்டே கூப்பிடு."

3.30 பஸ் எங்களைத் தாண்டிப் போனதை மூவரும் பார்த்தோம். அடுத்ததற்கு ஒரு மணி நேரம் வெயிலில் நின்றேன், ஒரு துளி எரிச்சல் வரவில்லை.

ஞாயிறு காலை, கொட்டாஞ்சேனை. கண்ணாடி அலுமாரியைத் திறந்தேன். பதினொரு மெஷின், நூற்றுக்கு மேல் கேசட். எல்லாம் வேலை செய்கின்றன, எல்லாவற்றையும் தூசு தட்டித்தான் வைத்திருக்கிறேன். ஒன்றையாவது முடித்தாயா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன். கைக்கு வந்த ஒன்றை எடுத்து டீவியில் மாட்டி, தரையில் உட்கார்ந்து, என் பெயரை எழுதினேன்.