நெருப்பருகில் நின்ற ஹாஜரா ராத்தா

ஹாஜரா ராத்தா வபாத்தான செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்தபோது நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். என் மகள் றிஹானா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, குசினிச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். நான் மௌத்தானாலும் இவள் இப்படி அழுவாளா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அஞ்சலி எழுதுகிறவள் சொல்லக்கூடிய கதையில்லை இது. ஆனால் ராத்தாவையும் என்னையும் தெரிந்த உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கு அவர் மேல் பொறாமை. இன்றைக்கும் தீரவில்லை.

தொண்ணூறில், யுத்தத்தின்போது, மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம்களில் அவரும் ஒருவர். முகாமில் தென்னோலைக் கிடுகுக் குடிசையில் இருந்துவிட்டு, பிறகு குறிஞ்சிப்பிட்டியில் எங்களுக்கு அடுத்த வளவில் வீடு கட்டினார்; அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிட்டோம். யுத்தம் முடிந்து சொந்தக்காரர் பலர் ஊர் திரும்பியபோதும் அவர் போகவில்லை. அந்த வருடங்களில்தான் ஆகஸ்ட் விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து எங்கள் குடும்பங்கள் வந்து குவியத் தொடங்கின. முற்றத்தில் கல் கூட்டிப் பிரியாணி போடுவது வழக்கமாயிற்று. சமைப்பது நான். ராத்தா ஒரு வெங்காயம்கூட உரிக்கமாட்டார். ஈரச் சாக்கும் தண்ணீர் வாளியுமாக வந்து நெருப்பருகில் நிற்பார், அவ்வளவுதான். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் புறப்படுகிறவர்கள், ராத்தாவுக்கு சலாம் சொல்லச் சொல்லி என்னிடமே சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஒரு வருடம் சோளகக் காற்று அடுப்பை எரியவிடவில்லை. என் கணவர் அடுப்பைச் சுற்றிக் கிடுகால் மறைப்புக் கட்டினார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். ராத்தா வந்தார், பார்த்தார்.

"நீங்க காத்துக்கு மறைப்புக் கட்டல்ல தம்பி. நெருப்புக்குத் தீனி கட்டி வெச்சிரிக்கீங்க."

நான் சொல்லி ஓர் ஆணிகூட அடிக்காத மனிதர், உடனே கிடுகை அவிழ்த்துவிட்டுத் தகரம் தேடிப் போனார். முகாமில் ஒரு குடிசை வரிசையே எரிந்ததை ராத்தா கண்ணால் கண்டவர். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

சமையல் முடிந்ததும் அவருடைய அடுத்த தொல்லை தொடங்கும். தம் போட்ட தணலை இழுத்து மணலால் மூடிவிடுவது எங்கள் வழக்கம். மணலுக்கா இங்கே பஞ்சம்? ராத்தா விடமாட்டார். "மணல் மூடத்தான் செய்யும் தங்கச்சி, அணைக்காது" என்று சொல்லிச் சொல்லி, தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, கடைசியில் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார். விருந்தாளிகள் வேடிக்கை பார்ப்பார்கள். என் பிரியாணி அந்தப் பக்கம் ஆறிப்போகும்.

பிறகு ஒரு விடுமுறைக்கு அவர் கண் சத்திரசிகிச்சைக்காகச் சிலாபம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். கவலைப்பட்டேன்தான். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி இருந்தது. இந்த விருந்தாவது என்னுடையது. சஹன் தட்டு ஒவ்வொன்றும் வழித்துத் துடைத்த மாதிரி திரும்பி வந்தது. எல்லோரும் என்னைத்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் புகழ்ந்தார்கள். மகன் தணலை மணலால் மூடினான். மேலே அழகாகப் பரவிக் கிடந்த மணலைக் கண்டு, அவனுடைய சின்ன மகள் வெறுங்காலோடு அதை நோக்கி ஓடினாள்.

றிஹானா எங்கிருந்து பாய்ந்தாள் என்று தெரியவில்லை. பிள்ளையை இடுப்போடு தூக்கி அப்பால் விட்டுவிட்டு, வாளித் தண்ணீரை மணலில் கவிழ்த்தாள். சீறிக்கொண்டு ஆவி எழும்பியது. யார் சொல்லித் தந்தது என்று என் மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஹாஜரா ராத்தா."

பேத்தியின் காலைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு கொப்புளம் இல்லை. அல்லாஹ்வைப் புகழ்ந்தேன். அதே மூச்சில், ஊரிலேயே இல்லாத மனுஷி என் விருந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டாரே என்று மனம் புழுங்கியது.

ராத்தா திரும்பி வந்ததும் நானே போய்ச் சொன்னேன். நான் சொல்லிக் கொடுத்ததுதானே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும், சண்டை பிடித்திருக்கலாம். அவரோ கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே, "உன்ட மகள்தானே, வேற எப்பிடி இரிப்பாள்" என்றார். அதிலும் அவருக்கே வெற்றி.

மையத்து வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. ஆகவே அவருடைய ஜனாஸா அடக்கத்துக்கு வந்த சனத்துக்கு எங்கள் முற்றத்தில்தான் தேத்தண்ணி கொதித்தது. நான் மௌத்தானால் அவ்வளவு சனம் எனக்கு வராது. ராத்தாவின் மகள், அழுத முகத்தோடு, உதவி செய்கிறேன் என்று வந்து அடுப்பை ஊதக் குனிந்தாள். தலையில் போட்ட சால்வை தொங்கிக் காற்றில் நெருப்புப் பக்கம் பறந்தது. தாயைப் பறிகொடுத்த பிள்ளை என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். சால்வையைப் பறித்து அவள் முதுகுக்குப் பின்னால் முடிந்துவிட்டேன். சனம் திரும்பிப் பார்த்தது.

"ராத்தா கத்துற மாதிரியே இரிக்கி" என்று கூட்டத்தில் ஒரு பெண் சொன்னாள்.

அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அதோடு அழுகையும் வந்தது. றிஹானா வந்து, உம்மா நீங்க போய் இருங்க, நான் பார்க்கிறேன் என்றாள். நான் நகரவில்லை. ராத்தா எனக்கு விட்டுப்போனது நெருப்பருகிலுள்ள அந்த இடம்தான். என் மகளுக்குக்கூட அதை இப்போதைக்குக் கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை.