கல்யாண வீட்டில் கறுப்பு வயர்

எங்கள் அப்பா நீலகண்டனுக்கு மின்சார இலாகாவில் வேலை. புதிதாக வயரிங் செய்த வீடுகளைப் பார்த்து அவர் சரி என்றால்தான் கரண்ட் வரும். திருவனந்தபுரத்தில் பாதி ஊருக்கு வெளிச்சம் கொடுத்தவர் என்று அம்மா விஜயம் பெருமை அடித்துக்கொள்வாள். அடுத்த மூச்சிலேயே, "நம்மாத்துல மட்டும் அரிக்கேன் லாந்தர்" என்று இடிப்பாள்.

1951-ல் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அழைப்பான ஜானவாசத்தன்று ஸ்ரீவராகத்து எங்கள் வீட்டில் மின்சார விளக்கு எரிந்தே ஆகவேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். எனக்கும் அதே ஆசைதான். நாகர்கோவில் சம்பந்திகள் முன்னால் லாந்தரோடு நிற்பதை நினைத்தாலே மானம் போனது.

வயர்மேன் தங்கப்பன் வந்து சுவரில் வயர் ஓடும் மரப்பட்டை அடித்தார். சிவப்பு வயரில் கரண்ட் வரும், கறுப்பில் திரும்பும், சுவிட்ச் சிவப்பில்தான் இருக்கவேண்டும். அதுதான் இலாகாவின் சட்டம். அம்மா கறுப்புச் சுருளைப் பார்த்ததும் கையை உதறினாள்.

"கல்யாணாத்துல, அதுவும் பூஜையுள்ள, கறுப்பா? எல்லாம் சிவப்பாவே போட்டுடு, தங்கப்பா."

தங்கப்பன் தலையைச் சொறிந்தார், போட்டும் விட்டார். கல்யாண வீட்டு அம்மாவிடம் யார் வாதாடுவது?

சொந்த வீட்டை அப்பாவே சோதிக்கக்கூடாது என்பதால், அவருடைய சிநேகிதர் மறுநாள் வருவதாக இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பார். அப்பாவுக்குத்தான் கை சும்மா இருக்காதே. சாயங்காலமே பூஜையறைப் பட்டையின் மூடியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே இரண்டும் சிவப்பு.

"இதுல எது கரண்ட் வர லைன்?"

"ரெண்டும் ஒருபோல அல்லே, சாமீ" என்று தங்கப்பன் விழித்தார். "அம்மா சொல்லி, நான் போட்டேன்."

மீட்டர் பலகையிலிருந்து அப்பா வயரைத் தொடர்ந்து வந்தார். சுவிட்ச், திரும்புகிற வயரில் மாட்டியிருந்தது. விளக்கை அணைத்தாலும் பல்பு மாட்டும் இடத்தில் கரண்ட் நிற்கும். மற்ற அறைகளில் எது மாறிக் கிடக்கிறதோ, யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் பிரித்துப்போட ஒரு வாரம் ஆகும். ஜானவாசமோ நாளை மறுநாள். எல்லாம் சரியாகும்வரை கரண்ட் கிடையாது என்றுவிட்டார் அப்பா.

அம்மா அழுதே விட்டாள். "ஊருக்கெல்லாம் விளக்கு குடுக்கறேள். பெத்த பொண்ணு கல்யாணத்துக்கா சட்டம் பேசறேள்?" எனக்கும் அப்பாமேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அப்பா குரலை உயர்த்தவில்லை. "விஜயம், கார்த்தால குளிச்சுட்டு ஈரப் புடவையோட இந்தப் பூஜையுள்ளுக்கு வரது யாரு? விளக்கை அணைச்சாச்சுன்னு நம்பி, ஈரத் துணியால பல்பைத் துடைக்கப் போறது யாரு?"

அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜானவாசத்தன்று பெட்ரோமாக்ஸ்தான் சீறிக்கொண்டு எரிந்தது. சம்பந்தி அம்மாள் சும்மா இருப்பாளா? பந்தி முழுக்கக் கேட்கும்படி, "லைட்டு இன்ஸ்பெக்டர் ஆத்துலயே லைட்டு இல்லையா?" என்று சிரித்தாள். தண்ணீர்ச் செம்போடு நின்ற அப்பா தலையைக் குனிந்துகொண்டார். 

பாயசம் விட்டுக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு நிமிர்ந்தாள்.

"தப்பு என்னோடது, மாமி. கறுப்பு வயர் ஆகாதுன்னு நான்தான் மாத்தினேன். வெளிச்சம் அப்பறம் வரட்டும், விஜயம் உசிரோட இருக்கட்டும்னுட்டார் எங்காத்துக்காரர்."

அப்பா செம்பைத் தூக்கிக்கொண்டு அவசரமாகக் கிணற்றடிக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தது, கண் மட்டும் சிவந்திருந்தது.