கேலரியில் ஒரு ‘ங்கோ’

என் கணவருக்கு இரண்டு வேலைகள். வார நாட்களில் புதுக் கட்டடங்களுக்கு மின்சாரக் கம்பி இழுப்பார். ஆட்ட நாட்களில் மேளம் அடிப்பார். இரண்டாவதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் நான் எழுப்பாமலே அவர் எழும்புவது அந்த நாட்களில்தான்.

மேளம் என்றதும் கோயிலை நினைக்க வேண்டாம். ஒஸ்லோவில் எங்கள் காற்பந்துக் கழகத்தின் தீவிர ரசிகர்கள், கோல் கம்பத்துக்குப் பின்னாலிருக்கும் கேலரியில் நின்றபடி ஆட்டம் முடியும்வரை பாடுவார்கள். அந்தப் பாட்டுக்கான பெரிய மேளம் அவருடைய பொறுப்பு. கல்யாணம் கட்டி யாழ்ப்பாணத்திலிருந்து நான் வந்த முதல் குளிர்காலத்தில், சுற்றிப் பார்க்கக் கூட்டிப் போவதற்குப் பதிலாக அவர் எனக்குக் காணொளிகள் காட்டினார். இத்தாலியில் கேலரி முழுவதையும் மூடும் ஓவியத் துணி. ஜெர்மனியில் ஒரே நிறச் சுவராக எழும்பி நிற்கும் சனம். ஆர்ஜென்டீனாவில் வானத்தை மறைக்கும் காகிதத் துண்டுகள். துருக்கியில் எதிரணியிடம் பந்து போனதும் காதைக் கிழிக்கும் விசில்.

“இவையளுக்கு வீட்டிலை பிள்ளையள் இல்லையோ?” என்று கேட்டேன்.

“பிள்ளையளையும் கூட்டிக்கொண்டுதான் வருவினம்,” என்றார். அந்தப் பதில் எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

எங்கள் மகளுக்கு இப்போது ஆறு வயது. ஓகஸ்ட்டில் முதலாம் வகுப்புக்குப் போனாள். இலையுதிர்காலத்துப் பெற்றோர் சந்திப்பில் ஆசிரியை மிக மென்மையாகச் சொன்னார்: பிள்ளை வகுப்பில் இதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. எல்லாம் விளங்குகிறது, தலையாட்டுகிறாள், அழகாக எழுதுகிறாள். வாய் மட்டும் திறப்பதில்லை. கொஞ்ச நாள் பார்ப்போம், பிறகு தேவையானால் நிபுணர்களிடம் அனுப்பலாம் என்றார்.

வீட்டில் வாய் மூடாத பிள்ளை அவள். கடையிலோ ரயிலிலோ யாராவது நோர்வேஜிய மொழியில் அவளிடம் பேரைக் கேட்டால், என் மேலங்கிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். பதிலை நான் சொல்வேன். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. வீட்டில் தமிழ் மட்டும் கதைப்பதாலா? அவள் பெரியவர்களிடம் ‘வா’ என்று சொன்னால் ‘வாங்கோ’ என்று திருத்துவதாலா? தமிழைக் கைவிடாதீர்கள் என்றுதான் ஆசிரியையும் சொல்லியிருந்தார். ஆனாலும் விடிந்ததும் அவளிடம் நோர்வேஜிய மொழியில் பேசிப் பார்த்தேன். அவள் என்னை யாரோ போலப் பார்த்தாள். உடனே தமிழுக்குத் திரும்பினேன். அதுவும் சரியா என்று தெரியவில்லை.

“பிள்ளையை இந்த ஞாயிறு மச் பாக்கக் கூட்டிக்கொண்டு போவம்,” என்றார் கணவர்.

“அந்தச் சத்தத்துக்குள்ளையோ? பிள்ளை இன்னும் பயந்துபோகும்.”

“பயப்பிடாதையும். முதல் கால்மணித்தியாலம் ஒரு சத்தமும் இருக்காது. போராட்டம்.”

வீடியோ நடுவருக்கு எதிரான போராட்டம். கோல் விழுந்ததும் குதித்துக் கட்டிப்பிடிக்கிறோம். பிறகு எங்கோ ஓர் அறையில் யாரோ படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அது கோல் இல்லை என்கிறார்கள். சந்தோஷத்தைச் சரிபார்க்காதே என்பது ரசிகர்களின் கட்சி. அதனால் முதல் கால்மணி நேரம் கேலரி ஊமையாக நிற்கும். அதற்கான பதாகைத் துணியைக் கணவர் ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதியில் ஒரு சேலைக் கடையில் வாங்கி வந்தார். எங்கள் வரவேற்பறையில் விரித்து நான்தான் ஓரம் தைத்தேன். தைத்து முடித்தபின் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று முதலிலிருந்து பார்த்தேன். பிறகு இன்னொரு முறை பார்த்தேன்.

“நீர்தான் எங்கட வீட்டு வீடியோ டொம்மர்,” என்றார் அவர். டொம்மர் என்றால் இங்கே நடுவர். மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

ஞாயிற்றுக்கிழமை, ட்வெய்ட்டாக் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கும் தோழியும் சேர்ந்துகொண்டாள். சென்னைக்காரி, மென்பொருள் வேலை. பிள்ளையைத் தனியாகச் சமாளிக்க முடியாது என்று நான்தான் அழைத்தேன். என் பையில் காதுமூடி, மாற்றுக் காதுமூடி, தண்ணீர், வாழைப்பழம், வாந்தி வந்தால் பிடிக்கப் பை.

“ஏங்க, மேட்ச்சுக்குப் போறோமா, மலையேறப் போறோமா?” என்றாள் தோழி.

கேலரியின் ஓரத்தில், கீழ்வரிசையில், கம்பித் தடுப்புக்கு அருகே இடம். கணவர் நடுவில், கறுப்புத் துணி போர்த்திய மேளத்தோடு நின்று எங்களைப் பார்த்துக் கையசைத்தார். அவருக்கு முன்னால், தடுப்பின் மேல் பொருத்திய சின்ன மேடையில், ஒலிபெருக்கியோடு ஒரு பெண். பாட்டை எடுத்துக் கொடுப்பவள் அவள். ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, சனத்தைப் பார்த்தபடி நிற்பாள். கோல் விழுந்ததைக்கூட எங்கள் முகங்களில்தான் அறிவாளாம்.

“எங்க ஊர்ல முதல் நாள் முதல் காட்சிதான் இது,” என்று தோழி என் காதருகே சொன்னாள். “பேப்பர் கிழிச்சுப் போடுறது, மோளம், எல்லாம் அதே. கட் அவுட்டுக்குப் பால் ஊத்துறது ஒண்ணுதான் பாக்கி.”

நடுவர் விசில் ஊதினார். ஆட்டம் தொடங்கியது. எங்கள் பதாகை விரிந்தது; என் தையல் நேராக இருந்தது. பிறகு ஆயிரக்கணக்கான பேர் மூச்சை மட்டும் விட்டுக்கொண்டு நின்றார்கள்.

அந்த மௌனம் எனக்குப் பிடித்துவிட்டது. பந்தில் கால் படும் சத்தம் கேட்டது. ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவது கேட்டது. கூரையில் கடற்புறாக்கள் கத்தின. மகள் கதிரைமேல் ஏறித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் பேசாத இடத்தில் அவளும் மற்றவர்களைப் போல ஒருத்தியாகத்தானே இருக்கிறாள் என்று நினைத்தேன்.

அப்போது எங்கள் முன்கள வீரர் ஒருவர் பந்தோடு தனியாகப் புறப்பட்டார். அவருக்கு முன்னால் கோல் காப்பாளர் மட்டும். கேலரி முழுவதும் ஒரே மூச்சை உள்ளே இழுத்தது. அவர் தயங்கினார். இன்னும் ஒரு அடி எடுத்து வைத்தார்.

“அடியுங்கோ!”

மணி அடித்த மாதிரி ஒரு குரல். என் மகளின் குரல்.

அவர் அடித்தார். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தன. ‘அடி’ என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்த வீரர் பெரியவர் அல்லவா? நான் பழக்கிய மரியாதையோடு, ஒரு ‘ங்கோ’ போட்டு, ஊர் முழுக்கக் காத்த மௌனத்தை என் பிள்ளை உடைத்துவிட்டாள்.

என் கை அவள் வாயை நோக்கிப் போனது. பாதி வழியில் எப்படியோ நின்றது. மேடைப் பெண் எங்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். சிரித்துக்கொண்டுதான் வைத்தாள். ஆனாலும் மகளுக்கு அது போதும். கதிரையிலிருந்து இறங்கி என் மேலங்கிக்குள் புகுந்துகொண்டாள். இதோ, ஒருமுறை வாய் திறந்தாள். உலகம் ‘உஷ்’ என்றுவிட்டது. இனித் திறக்கவே மாட்டாள் என்று எனக்குள் ஓடத் தொடங்கியது.

தோழி குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். “எங்க ஊர்ல ‘அடிங்க’ன்னு ஆரம்பிச்சா, அடுத்து வர்றது மரியாதையா இருக்காதுங்க,” என்று கிசுகிசுத்தாள். சத்தம் போட்டுச் சிரிக்க முடியாத இடத்தில் இப்படிச் சொல்வது பாவம். என் கண்ணில் நீர் வந்தது.

கால்மணி நேரம் முடிந்தது. கணவர் மேளத்தின் துணியை இழுத்தெறிந்தார். மேடைப் பெண் குனிந்து அவரிடம் ஏதோ கேட்டாள். அவர் வாயசைத்துக் காட்டினார். அவள் இரண்டு மூன்று முறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஒலிபெருக்கியைத் தூக்கினாள்.

“அ-டி-யுங்-கோ!”

டும், டும், டும், டும்!

முதலில் நடுவில் நின்ற கொஞ்சப் பேர். அடுத்தது பின்வரிசைகள். பிறகு கேலரி முழுவதும். கடைசி ‘கோ’வை ஆங்கிலச் சொல் என்று நினைத்திருப்பார்கள் போலும், அதை மட்டும் வானத்துக்கு எறிந்தார்கள். தாடிக்காரர்கள், கழுத்தில் கழகச் சால்வை கட்டிய கிழவர்கள், கையில் பியர்க் கோப்பை வைத்திருந்த பெண்கள், எல்லோரும் நோர்வேயின் ஒரு காற்பந்து வீரரிடம் யாழ்ப்பாண மரியாதையோடு பந்தை அடிக்கச் சொன்னார்கள். காலடியில் கொங்கிறீட் அதிர்ந்தது. என் மேலங்கிக்குள்ளிருந்து ஒரு தலை வெளியே வந்தது. அவள் காதுமூடியைக் கழற்றினாள். “அதைத் திரும்பப் போடும், காது நோகும்,” என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நானும் கத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பாதியின் கடைசியில் கோல் விழுந்தது. தோழி என்னைக் கட்டிப்பிடித்தாள். முன்பின் தெரியாத ஒருவர் எங்கள் இருவரையும் கட்டிப்பிடித்தார். மகள் கதிரையில் துள்ளினாள். பிறகு நடுவர் காதில் கைவைத்து நின்றார். நின்றார், நின்றார். விரல்களால் காற்றில் ஒரு பெட்டி வரைந்தார். கோல் இல்லை.

ஆட்டம் கோலின்றி முடிந்தது. ஆனால் யாரும் தோற்ற முகத்தோடு இறங்கவில்லை. கணவருக்காகக் காத்து நின்றபோது, மேடைப் பெண் அவரோடு எங்களிடம் வந்தாள். குரல் முற்றாக அடைத்திருந்தது. மகளுக்கு முன்னால் குந்தியிருந்து நோர்வேஜிய மொழியில் கேட்டாள்: “நாங்கள் இவ்வளவு நேரமும் கத்தினோமே, அதற்கு என்ன அர்த்தம்?”

மகள் என்னைப் பார்த்தாள். பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கணவர் என் முழங்கையை மெல்லத் தொட்டார்.

“விடும்,” என்றார்.

விட்டேன். அந்த இடைவெளி எனக்குக் கேலரியின் கால்மணி நேர மௌனத்தைவிட நீளமாக இருந்தது.

“அடி என்று அர்த்தம்,” என்றாள் மகள். நோர்வேஜிய மொழியில். பிறகு, அந்தப் பெண்ணுக்குச் சரியாக விளங்க வேண்டும் என்று நினைத்தவளாக, “ஆனால் பண்பாகச் சொல்வது,” என்றும் சேர்த்தாள்.

“பண்பாகவா?” அந்தப் பெண் குரலில்லாமல் சிரித்தாள். “நாங்கள் பண்பாகக் கத்தியது இன்றைக்குத்தான் முதல் தடவை.”

திங்கட்கிழமை வகுப்பில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. பேசலாம், பேசாமலும் இருக்கலாம். ஆசிரியையிடம் சொல்வதா, சொன்னால் அதிகம் எதிர்பார்ப்பாரோ என்று சுரங்க ரயிலில் ஏறும்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன். பெட்டி முழுக்கச் சால்வை கட்டிய சனம். வழக்கமாக ரயிலில் என் காதுக்குள் மட்டும் கிசுகிசுப்பவள், எதிர்க் கதிரையிலிருந்து முழுக் குரலில் கூப்பிட்டாள்.

“அம்மா! நீங்கள் டொம்மரைப் பாத்து ‘கண் தெரியேல்லையோ உனக்கு’ எண்டு கத்தினனீங்கள்.”

தோழி சட்டென்று என் பக்கம் திரும்பினாள். கணவர் யன்னலைப் பார்த்துச் சிரித்தார்.

“எப்ப?”

“கோல் இல்லை எண்டு சொன்னவுடனை. எனக்குக் கேட்டது. அவர் பெரியாள் எல்லோ? ‘உங்களுக்கு’ எண்டெல்லோ சொல்லவேணும்?”

நான் கத்தியதே எனக்கு ஞாபகமில்லை. ஆனால் தொண்டை வலித்தது, அது சாட்சி. யோசித்துப் பார்த்தேன். ஒருமுறைதான் யோசித்தேன்.

“டொம்மருக்கு அந்த மரியாதை தேவையில்லை, குஞ்சு,” என்றேன்.