முகத்துவாரம் வெட்டும் முன் ஒலித்த மணி

திருவருகைக் காலத்தின் முதல் சனிக்கிழமை, அடைமழை சற்று ஓய்ந்த பிற்பகலில், என் கணவர் வீச்சுவலையுடன் வாவிக்குப் போனார். மாலையில் தோணி மட்டும் கண்டல் மரங்களுக்குள் சிக்கிக் கிடந்தது. அவர் இல்லை.

எங்கள் பங்குப் பள்ளிக்கூடத்தில் அவர் கணிதம் படிப்பித்தார். நானும் அங்கேதான் படிப்பிக்கிறேன். வெளிநாட்டுக் குருக்கள் தொடங்கிய பள்ளிக்கூடம் அது. பின்னர் அரசாங்கம் பொறுப்பேற்றது. ஆனாலும் கோயிலும் பள்ளிக்கூடமும் இன்றுவரை ஒரே வளவுக்குள்தான். இரண்டுக்கும் ஒரே மணிதான். ஆளைக் கண்டெடுத்தால் மட்டுமே அதை அடிப்பது, தேடும் தோணிகள் அதைக் கேட்டுக் கரை திரும்பட்டும் என்று பங்குத்தந்தையும் அதிபரும் முடிவு செய்தார்கள். ஞாயிறு திருப்பலி மணியின்றித் தொடங்கியது. திங்கட்கிழமை பாடவேளை முடிவதை வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னார்களாம். நான் வீட்டில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் நாள், அவர் உயிரோடு வர வேண்டும் என்று மன்றாடினேன். ஞாயிறு மாலை அந்தச் சொற்கள் என் வாயில் வரவில்லை.

திங்கள் மாலை சலீம் வந்தார். ஏறாவூர் மீனவர், என் கணவரிடம் படித்தவர். இரண்டு நாளாக வாவியிலேயே தேடிக்கொண்டிருந்தவர்.

"டீச்சர், நாளைக்குக் காலம முகத்துவாரம் வெட்டப் போறாங்களாம். வட்டையெல்லாம் தண்ணிக்குள்ள."

வாவியைக் கடலிலிருந்து மறிக்கும் மணல்திட்டை வெட்டினால் வயல்களில் நிற்கும் வெள்ளம் வடியும். வாவியில் கிடப்பதெல்லாம் கடலுக்கு இழுபடும். அவரும்தான். ஊரின் பயிரை அழியவிடுங்கள் என்று எந்த வாயால் கேட்பேன்?

"போய்ப் படுங்க தம்பி, காய்ச்சல் வரப்போகுது" என்றேன்.

"சேர் என்ன எத்தின தரம் முழங்கால்ல வெச்ச மனிசன்! லேசில விடுவனா அவர?" சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அன்றிரவு பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்கா என்னோடு முழங்காலில் இருந்து மன்றாடினார். யுத்தத்தில் பிடித்துச் செல்லப்பட்ட அவருடைய மகனைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. "காணாமற்போனதைக் கண்டெடுத்துத் தரும் அந்தோனியாரே, உடலையாவது தரச் சொல்லி ஆண்டவரிடம் கேளும்" என்று கேட்டேன். ஒரு மனைவி கேட்கும் மன்றாட்டா அது? ஆனாலும் கேட்டேன்.

செவ்வாய் காலை, முகத்துவாரத்துக்கு மணல் வெட்டும் பெக்கோ இயந்திரம் போய்க்கொண்டிருந்த நேரத்தில், மணி அடித்தது. சலீமின் தோணிதான் அவரைக் கொண்டுவந்தது. "நன்றி ஆண்டவரே" என்றேன். பிறகுதான் அழுதேன்.

அன்றே சேமக்காலையில் அடக்கம் செய்தோம். மண் போட்டு முடிந்ததும் அக்கா என் கையைப் பிடித்தார்.

"உனக்கு வந்து அழ ஒரு இடம் கிடைச்சிட்டு புள்ள. எனக்கு அதுவும் இல்ல."

"இருக்கக்கா. இதிலயே வந்து அழுங்க."

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் இருவருமாகப் போகிறோம். என் கணவரின் கல்லறையில் அக்கா தன் மகனுக்கும் ஒரு மெழுகுதிரி ஏற்றுகிறார். முன்பு நான் என் வீட்டுக்காக மட்டும் மன்றாடுவேன். இப்போது முதலில் அவருடைய மகனுக்காக.

அன்பான சகோதரங்களே, உங்கள் மன்றாட்டு எவ்வளவு சிறுத்துப் போனாலும் அதையே ஆண்டவரிடம் கொண்டு போங்கள். வெட்கப்படாதீர்கள். எனக்கு அவர் செவிசாய்த்தார். அக்காவுக்கு இன்னும் பதில் வரவில்லை. நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். நீங்களும் எங்களோடு கேளுங்கள்.